அப்பாவின் போன் பில்: போஸ்ட்பெய்டிலிருந்து ப்ரீபெய்டுக்கு மாறிய கணக்கு

[திரையில்: மேசைமேல் அச்செடுத்த பில். 529.82 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.]

வணக்கம். இது என் அப்பாவின் போஸ்ட்பெய்டு பில். மேலே திட்டத்தின் விலை 449 ரூபாய். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், 80 ரூபாய் 82 காசு. கட்ட வேண்டிய தொகை 529 ரூபாய் 82 காசு. மாதா மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துகொண்டிருந்ததால், வீட்டில் ஒருவரும் இந்த பில்லைத் திறந்து பார்க்கவில்லை. நானும்தான்.

ப்ரீபெய்டில் சொல்லும் விலைக்குள்ளேயே வரி அடங்கிவிடுகிறது. ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது வேறு. பெரும்பாலான திட்டங்களின் 'மாதம்' 28 நாள்தான். வருடத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். இதனால்தான் 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டத்தையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டத்தையும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எனவே விலையை அப்படியே ஒப்பிடாதீர்கள். நாள்கணக்கால் வகுத்துப் பாருங்கள்.

[திரையில்: கால்குலேட்டர்.]

அப்பாவின் பில், நாளொன்றுக்கு 17 ரூபாய் 42 காசு. 28 நாளுக்கு 349 ரூபாய் என்ற ப்ரீபெய்டு திட்டம், 12 ரூபாய் 46 காசு. 84 நாளுக்கு 859 ரூபாய் என்றால் 10 ரூபாய் 23 காசு. முதலுக்கும் கடைசிக்கும் வருடத்தில் ஏறக்குறைய 2,600 ரூபாய் வித்தியாசம். விலைகள் மாறும், வகுக்கும் முறை மாறாது.

அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதற்கும் டேட்டா சேர்ந்த திட்டத்தையே போட்டுக்கொண்டிருந்தோம். பயன்படுத்தாத ஒன்றுக்குப் பணம்! 2024 டிசம்பரில் டிராய், அழைப்புக்கும் எஸ்எம்எஸ்-க்கும் மட்டுமான திட்டங்களைக் கட்டாயமாக்கியது. அவற்றை 365 நாள் வரைக்கும் தரலாம் என்றும் சொன்னது. ஆனால் நிறுவனத்தின் செயலியில் இவை முதலில் கண்ணில் படுவதில்லை. தேடி எடுங்கள். டேட்டா இல்லாததால், வெளியில் யுபிஐ-யில் பணம் கட்டுகிறவருக்கு இது ஒத்துவராது.

இனி, மாறுவது எப்படி? அதே நிறுவனத்திலேயே இருக்கிறீர்கள் என்றால், செயலியிலோ கடையிலோ கேட்டால் போதும். 2021 செப்டம்பரில் தொலைத்தொடர்புத் துறை இதை எளிமையாக்கியது: ஓடிபி வந்தால் முடிந்தது, புதிதாக ஆவணம் வேண்டாம், எண்ணும் மாறாது. அப்பாவுக்கு இருபது நிமிடம் சிக்னல் இல்லை, அவ்வளவுதான். கடைசி பில்லைக் கட்டிவிடுங்கள். வங்கியில் கொடுத்த தானியங்கிக் கட்டண அனுமதியை நீங்களே ரத்து செய்யுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பணம்.

வேறு நிறுவனத்துக்குப் போவதானால், ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம்விட்டு உங்கள் எண்ணையும் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். பில் பாக்கி இருந்தாலும், இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகாவிட்டாலும் குறியீடு வராது.

அலுவலகம் பில்லைப் பார்த்துப் பணம் தருகிறது என்றாலோ, ஒரே குடும்பத் திட்டத்தில் நான்கைந்து எண்கள் இருந்தாலோ, போஸ்ட்பெய்டே லாபமாக இருக்கலாம். கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

[திரையில்: சுவரில் தினசரி காலண்டர்.]

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒன்றுதான். போஸ்ட்பெய்டில் மறந்தால் பில் சேரும். ப்ரீபெய்டில் மறந்தால் அழைப்பு நின்றுவிடும். 90 நாள் தொடர்ந்து எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாமல் கிடந்தால், நிறுவனம் எண்ணையே எடுத்துவிடலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகும். அப்பாவின் ஓய்வூதிய வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் பதிவு எல்லாம் அந்த ஒரே எண்ணில்தான். வெளியூரில் இருந்துகொண்டு பெற்றோரின் எண்ணை ப்ரீபெய்டுக்கு மாற்றிக் கொடுத்தால், கடைசித் தேதியை உங்கள் போனிலும் குறித்து வையுங்கள். ரீசார்ஜை நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே செய்யலாம்.

ஜனவரி 10-இல் 84 நாள் திட்டம் போட்டோம். அது ஏப்ரல் 3 வரைக்கும். அப்பா காலண்டரைக் கழற்றி, தாள்களைத் தள்ளித் தள்ளி, ஏப்ரல் 1-ஆம் தேதித் தாளில் பென்சிலால் 'போன்' என்று எழுதினார். அந்தக் காலண்டர்தான் நீங்கள் இப்போது பார்ப்பது.