பிரேக்குக்குக் கொடுக்கும் காசு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆறேழு லட்சத்துக்கு நல்ல கார் கிடைக்கிறது. அப்படியிருக்க, அதே நீளம், அதே அகலம், அதே ஐந்து இருக்கை உள்ள ஒரு வண்டிக்கு ஏன் ஒன்பது பத்து லட்சம் கொடுக்க வேண்டும்? ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவன் என்பதால் இந்தக் கேள்வி மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் எனக்கு அடிக்கடி வரும். பையன் ஸ்போர்ட்டி மாடல்தான் வேண்டும் என்று நிற்பான். அப்பா மைலேஜ் எவ்வளவு என்று கேட்பார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவரும் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. கூடுதலாக வாங்கும் அந்தப் பணத்தை, கம்பெனி வண்டியின் எந்தப் பாகத்தில் போட்டிருக்கிறது? இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் பேசுவது கோயம்புத்தூரிலிருந்து. அதனால் எங்கள் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். 2018 அக்டோபரில் டாடா டியாகோ ஜேடிபி என்று ஒரு கார் வந்தது. டாடா மோட்டார்சும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்சும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனத்தின் வண்டி அது. ஷோரூம் விலை 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். சாதாரண டியாகோவின் பெட்ரோல் எஞ்சின் 85 குதிரைத்திறன் கொண்டது. ஜேடிபியில் அதே 1.2 லிட்டர் அளவில் டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பத்து விநாடிக்குள் தொடும் என்றார்கள். அந்த விலையில் அப்படி ஒரு வண்டி அதுவரை இந்தியாவில் கிடையாது.

எஞ்சினைவிட எனக்கு அந்த வண்டியில் பெரிதாகப் பட்டது வேறு. டயரை அகலமாக்கியிருந்தார்கள். சஸ்பென்ஷனை இறுக்கியிருந்தார்கள். கியர் விகிதங்களை மாற்றியிருந்தார்கள். வண்டியின் உயரத்தை நான்கு மில்லிமீட்டர் மட்டும் குறைத்திருந்தார்கள். பந்தய வண்டி போலக் காட்டுவதற்காகத் தரையோடு தரையாக இறக்கிவிடவில்லை. நம் ஊர் வேகத்தடைகளின் மேல் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் எடுத்த முடிவு அது. ஒரு குறையும் இருந்தது. பின் சக்கரத்தில் டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டார்கள். 2017-இல் வந்த மாருதி பலேனோ ஆர்எஸ்ஸில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருந்தது. 102 குதிரைத்திறன், 8 லட்சத்து 69 ஆயிரம் ரூபாய். ஜேடிபியோடு ஒப்பிட்டால் விலை அதிகம், குதிரைத்திறன் குறைவு. இருந்தாலும் பணம் போய்ச் சேர்ந்த இடம் சரியானது என்றே நான் சொல்வேன். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், இந்தச் சின்ன வண்டிகள் எல்லாம் ஏன் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன என்று பார்த்துவிடுவோம். இதை முடிவு செய்வது வரிச் சட்டம். நீளம் நான்கு மீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்கு மிகாமலும் இருந்தால்தான் அரசு அதைச் சின்ன கார் என்று ஏற்றுக்கொள்ளும். 2006 பட்ஜெட்டில் இத்தகைய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து இந்திய கார் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் இந்த நான்கு மீட்டர் கோட்டுக்குள்தான் கணக்குப் போடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கோட்டைத் தாண்டினால் 40.

இதில் அடிபட்ட ஒரு வண்டியை நான் இன்றும் வருத்தத்தோடு நினைப்பதுண்டு. 2015-இல் ஃபியட் நிறுவனம் அபார்த் புந்தோவை 9 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய்க்குக் கொண்டுவந்தது. 145 குதிரைத்திறன். நீளத்தில் நான்கு மீட்டருக்குள் அடங்கியது, ஆனால் எஞ்சின் 1.4 லிட்டர். சின்ன காருக்கான சலுகை அதற்குக் கிடைக்கவில்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் கொண்டாடினார்கள், வாங்கியவர்கள் குறைவு.

ஆகவே மற்ற கம்பெனிகள் டர்போவுக்குப் போயின. எஞ்சினைப் பெரிதாக்க முடியாது என்றால், சின்ன எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பலாம் அல்லவா? வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அந்தச் சுழற்சி இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே போகும் காற்றை அழுத்தும். கூடுதல் காற்று, அதற்கேற்ற பெட்ரோல், கூடுதல் விசை. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனின் எஞ்சின் 998 சிசிதான். மூன்றே சிலிண்டர். அதில் 120 குதிரைத்திறன் எடுக்கிறார்கள்.

இதில் விளம்பரங்கள் அழுத்திச் சொல்வது குதிரைத்திறனை. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது டார்க் என்கிற சுழல்விசையை, அதிலும் அது எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, கிடைக்கிறது என்பதை. சாதாரண ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 112 நியூட்டன் மீட்டர் தரும், அதுவும் நாலாயிரத்துக்கு மேல் சுற்றும்போது. ஐ20 என் லைன் 172 தரும், 1500 ஆர்பிஎம்மிலிருந்தே. சத்தியமங்கலம் சாலையில் கரும்பு ஏற்றிய லாரிக்குப் பின்னால் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருப்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். ஓவர்டேக் செய்ய எதிர்த்தடத்தில் ஏறிவிட்டால், அங்கே எவ்வளவு குறைவான நேரம் இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. கியரைக் குறைத்து, எஞ்சினைக் கதறவிட்டு, காத்திருந்து முந்துவது ஒரு வகை. மிதித்தவுடன் வண்டி முன்னே போவது இன்னொரு வகை. எதிர்த்தடத்தில் கழியும் விநாடிகள் குறைகின்றன என்பதற்காகவே, இந்த விசைக்குக் கொடுக்கும் பணத்தை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

மலை ஏறுகிறவர்களுக்கு டர்போவில் இன்னொரு லாபம் இருக்கிறது. ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிடும். 82 குதிரைத்திறன் கொண்ட வண்டி அங்கே 65-ஐ ஒட்டித்தான் நிற்கும். குடும்பத்தோடும் பெட்டிகளோடும் ஏறும்போது வண்டி மூச்சு வாங்குவது அதனால்தான். டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்று இந்தக் குறையின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். நீலகிரியிலோ வால்பாறையிலோ குடியிருப்பவருக்கு, ஸ்போர்ட்டி என்று பெயர் போட்டு விற்கிற இந்த எஞ்சின் அன்றாடத் தேவைக்கான எஞ்சின்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம். இங்கேதான் பிரேக் வருகிறது.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வண்டி சுமார் 1900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த உயரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். எஞ்சின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், எதிர்க்காற்று கொஞ்சம். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக இறங்கும். மொத்த ஆற்றலையும் கணக்குப் போட்டால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை ஏறத்தாழ 48 முறை முழுவதுமாக நிறுத்துவதற்குச் சமம். என் மாணவர்களைக் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன். விடை வந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். மலைப்பாதையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பலகை வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். டிஸ்க் திறந்த தட்டு, காற்றில் வெப்பத்தை உதறிவிடும். டிரம் மூடிய கிண்ணம், வெப்பம் உள்ளேயே தங்கும். சின்ன காரில் பிரேக் வேலையின் பெரும்பகுதியை முன் சக்கரங்களே செய்கின்றன, உண்மைதான். இருந்தாலும் தொடர்ந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் வரும் வால்பாறைச் சாலையில், பின்னாலும் டிஸ்க் இருப்பது கைவசம் உள்ள கூடுதல் பாதுகாப்பு.

சமதரையிலும் இதே கதைதான். 80-லிருந்து 100-க்குப் போகும்போது வேகம் கால் பங்குதான் கூடுகிறது. பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலோ பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. நல்ல டயர், காய்ந்த சாலை என்று வைத்துக்கொண்டாலும், 80-இல் நிற்க முப்பது மீட்டர் சொச்சம் வேண்டும் என்றால், 100-இல் ஐம்பது மீட்டரை ஒட்டி வேண்டும். கால் பிரேக்குக்குப் போகிற நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. எஞ்சினை மட்டும் பெரிதாக்கி, டயரையும் பிரேக்கையும் பழையபடியே விட்டுவிட்டு, பம்பரில் சிவப்புக் கோடு இழுத்து விற்கும் வண்டிக்கு ஐம்பதாயிரம்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் தேசிய அளவிலான கார் பந்தயங்கள் நடப்பது கோவைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். கார் பந்தய வீரர் கரிவரதன் நினைவாக அந்தப் பெயர். அங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தய வண்டிகளில் இருப்பது நம் தெருக்களில் ஓடிய மாருதியின் 1.3 லிட்டர் எஞ்சின்தான். அதே எஞ்சினை எடை குறைந்த சட்டத்தில், தாழ்வாக, நல்ல டயரோடு வைத்தால், வளைவில் அது போகும் போக்கே வேறு. பிள்ளைகள் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஷோரூமில் கேட்கும் கேள்விகள் மாறிவிடும்.

இனி பணக் கணக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் 18. விலை 9 லட்சத்து 90 ஆயிரத்திலிருந்து 10 லட்சத்து 10 ஆயிரம் ஆனால், அந்த இருபதாயிரத்தோடு சாலை வரியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஸ்போர்ட்டி மாடல்களில் பல இந்தக் கோட்டை ஒட்டியே நிற்கின்றன. சன்ரூஃப் உள்ள மேல் வேரியண்ட்டுக்குத் தாவும் முன் ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிப் பாருங்கள். எஞ்சினும் பிரேக்கும் கீழ் வேரியண்ட்டிலும் அதேதான் என்றால், அதோடு நின்றுவிடலாம்.

இன்சூரன்சில் ஒரு சாதகம் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் சிசியைப் பார்த்துத்தான் போடப்படுகிறது, குதிரைத்திறனைப் பார்த்து இல்லை. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி ஆயிரம் சிசி வரை ஆண்டுக்கு 2094 ரூபாய், அதற்கு மேல் 1500 சிசி வரை 3416 ரூபாய். 120 குதிரைத்திறன் தரும் 998 சிசி வண்டி குறைந்த கட்டணத்திலேயே அடங்கிவிடும். மைலேஜ் மட்டும் உங்கள் காலைப் பொறுத்தது. டர்போவை விரட்டினால் பெட்ரோல் குடிக்கும். எஞ்சின் ஆயிலையும் சொன்ன தரத்தில், சொன்ன கெடுவில் மாற்ற வேண்டும். அதில் கஞ்சத்தனம் செய்தால் டர்போ போய்விடும், அந்தச் செலவு பெரியது.

சாதாரண மாடலை வாங்கி, வெளியே கொடுத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ என்ற கணினியை மாற்றிக்கொள்ளலாமே, முப்பது நாற்பதாயிரத்தில் முடியுமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். என் பதில் எப்போதும் வேண்டாம் என்பதுதான். வாரன்ட்டி போகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி கிடைக்கும். கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விசை ஏறிய வண்டியில் பிரேக் பழையதாகவே இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பெற்றோர் கட்சிக்குச் சாதகமானது அது. 2024-இல் வந்த புதிய ஸ்விஃப்டில் அடிமட்ட வேரியண்ட்டிலேயே ஆறு ஏர்பேக்கும், வண்டி சறுக்காமல் தாங்கும் ஈஎஸ்பியும் உண்டு. தொடக்க விலை 6 லட்சத்து 49 ஆயிரமாக இருந்தது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத இந்திய ஃபோக்ஸ்வாகன் போலோ ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. ஏர்பேக் வைத்த போலோ நான்கு வாங்கியது. அன்று பாதுகாப்புக்காகவே மேல் மாடலுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் பெருமளவு குறைந்துவிட்டது. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர், மாதம் ஒருமுறைகூட நெடுஞ்சாலை ஏறாதவர், சாதாரண மாடலை நிம்மதியாக வாங்கலாம். மிச்சமாகும் இரண்டு மூன்று லட்சத்துக்கு வீட்டில் வேறு தேவை இல்லாமலா இருக்கும்?

ஓட்டும்போது மனதுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தையும் மதிப்பில் சேர்க்கத்தான் வேண்டும். அதை ஆடம்பரம் என்று தள்ளுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. நடுத்தரக் குடும்பத்தில் ஒரு கார் வாங்கினால் பத்து வருடம் வைத்திருப்பார்கள். தினமும் அதைத் தொடும் கை, வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும் ஸ்டியரிங்கை விரும்புவதில் என்ன தவறு?

ஆனால் இந்த வகை வண்டிகள் சந்தையில் நெடுநாள் நிற்பதில்லை. பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை மாசு விதிகள் 2020 ஏப்ரலில் வந்தபோது டியாகோ ஜேடிபி அதற்கு மாற்றப்படாமல் நின்றுபோனது. பலேனோ ஆர்எஸ் அதற்குச் சற்று முன்பே போய்விட்டது. ஃபிகோ காரைத் தயாரித்த ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. போலோ 2022-இல் முடிந்தது. செகண்ட் ஹேண்டில் இவற்றைத் தேடுபவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். லட்சக்கணக்கில் விற்ற வண்டியின் மேல் கட்டிய ஸ்போர்ட்டி மாடல் என்றால், கதவு, கண்ணாடி, சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் எங்கும் கிடைக்கும். அந்த மாடலுக்கென்றே செய்த பம்பர், டர்போ, எக்ஸாஸ்ட் ஆகியவைதான் சிக்கல். அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள். ஈசியூவில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

புதிது வாங்குகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் நான்கு பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஷோரூம்காரர் காட்டும் வழவழப்பான சாலையை விட்டு, உங்கள் தெருவின் குழிகளில் ஓட்டுங்கள். இறுக்கமான சஸ்பென்ஷன் பின் சீட்டில் இருக்கும் அம்மாவின் இடுப்புக்கு ஒத்துவருகிறதா என்று அவர்களையே கேளுங்கள். ஆள் இல்லாத நேரான இடத்தில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துவிட்டு, அறுபதிலிருந்து அழுத்தி பிரேக் பிடியுங்கள். பிறகு அதே கம்பெனியின் சாதாரண மாடலையும் அதே சாலையில் அதே ஆட்களோடு ஓட்டுங்கள். இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.