விளிம்பில் இட்ட முட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

அழியும் நிலையிலுள்ள காட்டுப் பறவைகளை வேறோர் இடத்தில் குடியேற்றுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பறவையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்த் திறந்துவிடும் நாளில் கூட்டம் கூடும், படம் எடுப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவாக ஆர்வமில்லை. விட்ட பறவை கூடு கட்டியதா, குஞ்சு பொரித்ததா, அந்தக் குஞ்சு மறுவருடம் தானும் கூடு கட்டியதா என்று நோட்டுப் புத்தகத்தோடு ஆண்டுக்கணக்கில் பின்னால் அலைகிறார்களே, அவர்களைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

நியூசிலாந்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கு நடுவே சாத்தம் தீவுகள் இருக்கின்றன. அங்கே மட்டும் வாழ்வது கறுப்பு ராபின். உடல் முழுக்கக் கரி நிறம், எடையில் ஏறக்குறைய நம் சிட்டுக்குருவி அளவுதான். காட்டுத் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். காடு அழிந்தது, பூனையும் எலியும் வந்தன. கடைசியில் செங்குத்தான ஒரு பாறைத் தீவின் உச்சியிலிருந்த புதர்க்காட்டில் ஏழே ஏழு மிஞ்சின. அந்தக் காடும் நலிந்துகொண்டிருந்ததால், 1976–77இல் ஏழையும் பக்கத்திலிருந்த மாங்கேரே தீவுக்கு மாற்றினார்கள்.

1980இல் எண்ணியபோது இருந்தவை ஐந்து. அவற்றில் குஞ்சு பொரிக்கக்கூடிய பெட்டை ஒன்றுதான். அடையாளத்துக்காகக் காலில் நீல வளையம் மாட்டியிருந்ததால் அதற்கு ‘ஓல்டு புளூ’ என்று பெயர். நம் பேச்சில் நீலக் கிழவி. ஜோடி, மஞ்சள் வளையம் போட்ட ஆண். இன்று உயிரோடிருக்கும் 200க்கும் மேற்பட்ட கறுப்பு ராபின்கள் அனைத்தும் இந்த இரண்டின் வம்சம்.

நியூசிலாந்தின் பறவைப் பாதுகாப்பாளர் டான் மெர்ட்டனும் அவருடைய குழுவினரும் செய்த உபாயம் இது. நீலக் கிழவி இட்ட முட்டைகளை எடுத்து, டாம்டிட் என்ற வேறொரு சிறு பறவையின் கூட்டில் வைத்துவிடுவார்கள். முட்டை போய்விட்டதே என்று கிழவி மறுபடி கூடு கட்டி முட்டையிடும். காக்கைக் கூட்டில் குயில் செய்வதை இங்கே மனிதர்கள் செய்தார்கள். ஆனால் குயிலுக்கு இல்லாத ஒரு கவலை இவர்களுக்கு வந்தது. டாம்டிட் வளர்த்த குஞ்சுகள் தங்களையும் டாம்டிட் என்றே நினைத்துக்கொள்ளத் தொடங்கின! ஆகவே இறகு முளைத்துக் கூட்டைவிட்டுப் பறக்கும் முன்பே அவற்றை ராபின் கூட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்படி ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விசித்திரமான ஒன்று கண்ணில் பட்டது. கூடு என்பது சிறு கிண்ணம்போல. நடுவில் குழி, சுற்றிலும் விளிம்பு. சில பெட்டைகள் முட்டையைக் குழியில் இடாமல் விளிம்பின்மேல் இட்டன. தாய் உட்காரும்போது அந்த முட்டையில் உடம்புச் சூடு படாது, அது பொரியாது. பார்த்தவர்கள் என்ன செய்வார்கள்? விரலால் மெல்லக் குழிக்குள் தள்ளிவிட்டார்கள். குஞ்சு பொரித்தது.

வினை அங்கேதான். விளிம்பில் முட்டையிடுவது பரம்பரையாக வரும் குணம். இயற்கையில் அந்த முட்டை வீணாகி, குணமும் அதோடு மறைந்துபோகும். இங்கே விரல் குறுக்கிட்டுக் காப்பாற்றியதால் மகளுக்கும் பேத்திக்கும் போயிற்று. 1984இல் ஒரே ஒரு பெட்டையிடம் இருந்த பழக்கம், 1989இல் முட்டையிட்ட பெட்டைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றிடம் பரவியிருந்தது. மனிதர் தள்ளிவிடாமல் பிழைக்க முடியாத ஓர் இனத்தை உருவாக்கும் நிலைக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

அதன்பிறகு கையைக் கட்டிக்கொண்டார்கள். பார்த்தார்கள், எழுதினார்கள், தொடவில்லை. சொல்வது எளிது. கண்ணெதிரே முட்டை வீணாவதைப் பார்த்துக்கொண்டு நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்பி நடப்பதற்கு மனத்திடம் வேண்டும். இருபது ஆண்டுகளில் அந்தப் பழக்கம் பத்தில் ஒரு பெட்டைக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கெல்லாம் 2013இல் வெளியான ஓர் ஆய்வில்தான் முழுமையாகத் தெரியவந்தது. எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? எந்தக் கூடு, எந்தப் பெட்டை, எத்தனை முட்டை, அதில் விளிம்பில் எத்தனை என்று எண்பதுகளில் காட்டில் நின்று எழுதிய குறிப்புகள் அப்படியே இருந்தன. தாங்கள் தள்ளிவிட்டதையும் அவர்கள் மறைக்காமல் எழுதிவைத்திருந்தார்கள்.

கல்லூரியில் இதைச் சொன்னபோது மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நீங்கள் அங்கே இருந்திருந்தால் அந்த முட்டையைத் தள்ளியிருப்பீர்களா?” என்று கேட்டாள்.

உலகத்திலேயே ஒரு கைப்பிடிப் பறவைகள்தான். சந்தேகமென்ன, தள்ளியிருப்பேன் என்றேன்.

வணக்கம்.