பழைய சில்வராடோவுல கேம்பர் இழுக்கணுமா? முதல்ல கியர்பாக்ஸைப் பாருங்க

வணக்கம் மக்களே! பின்னாடி நிக்குறது 2004 மாடல் செவ்ரோலே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8, நாலு கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ். இந்த சம்மர்ல இதுல ஒரு கேம்பர் ட்ரெய்லரை மாட்டி இழுக்கப் போறோம், 2,000 கிலோ வரும். எல்லாரும் கேக்குறது இன்ஜின் இழுக்குமான்னுதான். இன்ஜின் இழுத்துரும். இந்த வயசு ஆட்டோமேட்டிக்ல முதல்ல அடி வாங்குறது கியர்பாக்ஸ், அதுவும் சூட்டால. அதனால ட்ரெய்லரை மாட்டுற ஹிட்ச் பக்கம் அப்புறம் போவோம்.

குளோவ் பாக்ஸைத் திறந்தா இந்த ஸ்டிக்கர் இருக்கும், மூணு மூணு எழுத்தா கோடு. கேமராவைக் கிட்ட கொண்டு வரேன், இருங்க. ஜிடி4, தெரியுதா? பின் ஆக்ஸில் ரேஷியோ, அதாவது பின் சக்கரம் ஒரு சுத்து சுத்த டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறது, 3.73, இழுவைக்கு நல்லது. ஜியூ6னா 3.42. கேஎன்பின்னு இருந்தா ஃபேக்டரியிலயே கியர்பாக்ஸ் ஆயிலை ஆத்துற கூடுதல் டிரான்ஸ்மிஷன் கூலர் போட்டிருப்பாங்க. இதுல அந்த கோடு இல்ல, நாமதான் போடணும்.

இப்போ கியர்பாக்ஸ் ஆயில். இன்ஜின் சூடா ஓடிக்கிட்டிருக்கு, பார்க்ல இருக்கு, சமதரை. டிப்ஸ்டிக்கை வெள்ளை டிஷ்யூல துடைக்கிறேன். தெளிவான சிவப்பு, தீஞ்ச வாடை இல்ல, நல்லது. ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி கலங்கி இருந்தா ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்குன்னு அர்த்தம். அந்த வண்டியில எதையும் இழுக்காதீங்க. கியர்பாக்ஸுக்கு அடியில இருக்கிற ஆயில் தட்டை, அதான் பேனைக் கழட்டி ஃபில்டர் மாத்துறப்போ உள்ள இருக்கிற காந்தத்தைப் பாருங்க. சாம்பல் கலர்ல மெல்லிசா பசை ஒட்டியிருந்தா பரவாயில்ல. விரல்ல நெருடுற அளவுக்கு உலோகத் துண்டு வந்தா உள்ள தேய்மானம் முத்திப்போச்சு. பழைய டெக்ஸ்ரான் 3 கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பதிலா டெக்ஸ்ரான் 6 ஊத்தலாம். பேன்ல வடியறது பாதிகூட இருக்காது, மிச்சம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர்லயே நிக்கும்.

புது கூலரை ஏசி கண்டென்சருக்கு முன்னாடி வைக்கிறேன். சிலர் ரேடியேட்டரை பைபாஸ் பண்ணிடுவாங்க. நான் பண்ண மாட்டேன். கனடா குளிர்ல ஆயிலைச் சூடாக்கிக் கொடுக்குறதும் அதே ரேடியேட்டர்தான். ஆயில் ரேடியேட்டர் வழியா போய், கூலர்ல ஆறி, கியர்பாக்ஸுக்குத் திரும்பட்டும். வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டிப் படிக்கிற ஓபிடி ஸ்கேனர்ல கியர்பாக்ஸ் ஆயில் டெம்பரேச்சர் பாத்துக்கிட்டே ஓட்டுங்க. 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்னா நிம்மதி. 120-ஐத் தொட்டா ஓரங்கட்டி, நியூட்ரல்ல இன்ஜினை ஓட விடுங்க.

ஓட்டுறப்போ கியர் லீவர் நுனியில இருக்கிற இழுவைக்கான டோ/ஹால் பட்டனை அமுக்குங்க. மேட்டுல மூணுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தவிச்சா மூணுலயே போட்டுருங்க. இந்த கியர்பாக்ஸ்ல முதல்ல கருகுறது 3-4 கிளட்ச்.

ஃபோர் வீல் டிரைவ் காய்ஞ்ச தார் ரோட்டுக்கு வேண்டாம், பின் சக்கரம் மட்டும் இழுக்குற 2ஹை போதும். கேம்ப்கிரவுண்டுல ஈரப்புல்லுல ட்ரெய்லரை நகர்த்துறப்போதான் நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்குற 4லோ. கியரை நியூட்ரல்ல போட்டுட்டு மாத்துங்க. இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்குறது டிரான்ஸ்ஃபர் கேஸ். ஆட்டோ 4 பட்டன் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு நீலக் கலர் ஆட்டோட்ராக் 2 ஆயில்தான் ஊத்தணும், சாதா கியர்பாக்ஸ் ஆயில் ஆகாது.

டயர் பக்கவாட்டுல இருக்கிற DOT கோடுல கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2318னா 2018-ல 23-வது வாரம் செஞ்சது. டயர் பட்டன், அதான் ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் மேடு, நல்லா இருந்தாலும் வயசான டயரை நான் நம்ப மாட்டேன். உப்பு ரோட்டுல ஓடின வண்டின்னா பிரேக் லைன் முழுக்க டார்ச் அடிச்சுப் பாருங்க, துரு பொரிஞ்சிருந்தா மாத்திட்டுத்தான் மறு வேலை.

ஹிட்ச் பந்துல இறங்குற எடை ட்ரெய்லர் எடையில 10-லேர்ந்து 15 சதவீதம், நமக்கு 200-லேர்ந்து 300 கிலோ. குறைஞ்சா ட்ரெய்லர் பாம்பாட்டம் ஆடும். கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல ட்ரெய்லரோட மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டாலே ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். அதுக்குத்தான் ஏழு பின் சாக்கெட்டும், ட்ரெய்லர் பிரேக்கை வண்டிக்குள்ள இருந்து இயக்குற இந்த கன்ட்ரோலரும். காலி மைதானத்துல மெதுவா ஓட்டி, கன்ட்ரோலர் லீவரை மட்டும் அமுக்கி, ட்ரெய்லர் சக்கரம் பூட்டுற வரைக்கும் கெயினை, அதான் பிரேக் பலத்தை, ஏத்துங்க. பூட்டினதும் ஒரு படி இறக்கி அங்கேயே வச்சுக்கங்க.