சி.ஆர்.பி. ஏறினா நோய் முத்தப் போகுதுன்னு அர்த்தமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "அப்பாவுக்கு 62 வயசு, கொரோனா பாசிட்டிவ், காய்ச்சல் வந்து மூணாவது நாள், லேப்ல பேக்கேஜா டெஸ்ட் எடுத்தோம், சி.ஆர்.பி. 38, பெரிட்டின் 410, டி-டைமர் 0.7 வந்திருக்கு, சீரியஸா போயிடுமா, இதுல எந்த டெஸ்டை நம்பறது?" படிச்சதுல இருந்து இந்தக் கேள்வி என்னை விடவே இல்லைங்க. 2021 ஏப்ரல், மே மாசத்துல போனை எடுத்தாலே இதேதான், யாரும் மூச்சு எப்படி இருக்குன்னு சொல்ல மாட்டாங்க, நம்பரைத்தான் படிப்பாங்க.

நம்ம பழைய வீடியோ பாத்தவங்களுக்கு இது தெரியும், சுருக்கமா சொல்லிடறேன். சி.ஆர்.பி.ங்கறது கல்லீரல் செய்யற புரதம், உடம்புல அழற்சி இருக்குன்னு ஐ.எல்.-6ங்கற நோய் எதிர்ப்புப் புரதம் சிக்னல் குடுத்தா ஏறும், என்ன கிருமின்னு அதுக்குத் தெரியாது. பெரிட்டின், இரும்புச்சத்தைச் சேத்து வைக்கற புரதம், அதுவும் அழற்சில ஏறும், ஆனா ஃபேட்டி லிவர் இருந்தா சும்மாவே கூடத்தான் இருக்கும். டி-டைமர், ரத்தக்கட்டி கரையறப்போ வர்ற துணுக்கு, வயசானா, கர்ப்பமா இருந்தா, ஆபரேஷன் ஆனா எல்லாத்துக்கும் ஏறும். எல்.டி.எச்.ங்கறது செல்லுக்குள்ள இருக்கற என்சைம், செல் சேதமானா ஏறும். லிம்போசைட்ங்கற வெள்ளை அணு மட்டும் எதிர்த்திசை, நோய் கடுமையானா குறையும்.

இந்த டெஸ்டுங்க நோயோட கடுமையைக் காட்டும்ங்கறது பொய்யான்னு கேட்டா, இல்ல. வூஹான்ல ரெண்டு ஆஸ்பத்திரில 191 பேரை வச்சு 2020 மார்ச்லயே எழுதிட்டாங்க, அட்மிஷன் அன்னிக்கு டி-டைமர் ஒரு மில்லிக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல இருந்தவங்கள்ல இறப்பு அதிகம்னு. ஆனா அந்த 191 பேரும் ஆஸ்பத்திரில படுத்தவங்க. வீட்ல கஞ்சி குடிச்சிட்டு நடமாடிட்டு இருக்கற ஒருத்தருக்கு அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டா எப்படிங்க சரியா வரும்?

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. அதே 2020ல வூஹான்ல 485 நோயாளிங்களோட ரத்த ரிப்போர்ட்டை கம்ப்யூட்டர்ல போட்டு, எல்.டி.எச்., லிம்போசைட், சி.ஆர்.பி. இந்த மூணு போதும், யார் பிழைப்பாங்கன்னு 10 நாளுக்கு முன்னாடியே 90 சதவீதத்துக்கு மேல சரியா சொல்லிடலாம்னு பேப்பர் வந்துச்சு. உலகமே பேசிச்சு. அப்புறம் நெதர்லாந்து, பிரான்ஸ், நியூயார்க்ல அவங்கவங்க நோயாளிங்களுக்குப் போட்டுப் பாத்தாங்க, எடுபடல. ஏன்னா அந்த கம்ப்யூட்டர் கத்துக்கிட்டது ஒவ்வொருத்தருக்கும் கடைசியா எடுத்த ரத்தத்துல இருந்து. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியோ இறக்கறதுக்கு முன்னாடியோ எடுத்த ரத்தம் தெளிவாத்தான் சொல்லும், அட்மிட் ஆன அன்னிக்கு எடுத்தது அப்படிச் சொல்லாது. நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான், எந்த நாள்ல எடுத்த ரத்தம்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வோம்ல, ரத்த ரிப்போர்ட்டுக்கு அது சரிப்படாது. ஒரு நம்பரை விட, ரெண்டு மூணு நாள் இடைவெளில ஏறுதா இறங்குதாங்கறதுதான் விஷயம்.

அதுலயும் யூனிட்டைப் பாருங்க. ஒரு குடும்பம் அழுதுகிட்டே வந்தாங்க, ஒரு லேப்ல டி-டைமர் 0.9, மறுநாள் வேற லேப்ல 450. பாத்தா முதல் லேப் மைக்ரோகிராம், எஃப்.இ.யு. கணக்கு, ரெண்டாவது நானோகிராம், டி.டி.யு. கணக்கு. டி-டைமரை எண்ணற ரெண்டு விதம்தான் இந்த எஃப்.இ.யு.வும் டி.டி.யு.வும், எஃப்.இ.யு. ஏறக்குறைய டி.டி.யு.வை விட ரெண்டு மடங்கு காட்டும். 0.9 மைக்ரோகிராம்னா 900 நானோகிராம், அதுல பாதி 450. ரெண்டும் ஒரே அளவுதாங்க! ராத்திரி பூரா அந்த வீட்ல யாரும் தூங்கல.

சரி, இந்தச் சகோதரி இன்னொரு கேள்வி கேட்டிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன், அப்பாவை எப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு. பிரிட்டன்ல, ஆஸ்பத்திரில சேந்த கொரோனா நோயாளிக்கு உயிராபத்து எவ்வளவுன்னு கணிக்க 4சின்னு ஒரு மதிப்பெண் முறை செஞ்சாங்க, அதுல 8 விஷயம், வயசு, ஆணா பெண்ணா, வேற நோய் இருக்கா, மூச்சு வேகம், ஆக்சிஜன், நினைவு, இதோட ரத்தத்துல யூரியாவும் சி.ஆர்.பி.யும். எட்டுல ரெண்டுதான் ரத்தம், மிச்சம் ஆளைப் பாத்தே தெரியறது.

சி.ஆர்.பி. ஏறிடுச்சுன்னு மூணாவது நாளே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போடறாங்க பாருங்க, அதான் எனக்கு வயித்தெரிச்சல். பிரிட்டன்ல நடந்த ரெக்கவரிங்கற ஆய்வுல டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்டவங்களுக்குத்தான் உயிர் காப்பாத்துச்சு, தேவைப்படாதவங்களுக்குப் பலன் இல்ல. சர்க்கரை இருக்கறவங்களுக்கு இதால சர்க்கரை தாறுமாறா ஏறும், கறுப்புப் பூஞ்சை வந்து கண்ணை இழந்தவங்களை நாம பாத்தாச்சு.

அதனால அப்பாவை ரூமுக்குள்ள 6 நிமிஷம் நடக்க விடுங்க, ஏற்கனவே மூச்சு வாங்குதுன்னா வேண்டாம், நேரா டாக்டர்கிட்ட போங்க. நடந்தப்புறம் விரல்ல மாட்டற ஆக்சிமீட்டர்ல ஆக்சிஜன் 94க்குக் கீழ வந்தாலோ, முன்ன இருந்ததை விட 3 புள்ளிக்கு மேல குறைஞ்சாலோ உடனே காட்டுங்க. அஞ்சாவது நாள்ல இருந்து பத்தாவது நாள் வரைக்கும் கூடுதல் கவனம். அவர் சும்மா உக்காந்திருக்கறப்போ, அவருக்குத் தெரியாம ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்க, 24ஐத் தொட்டா ராத்திரி பன்னெண்டு மணியானாலும் கிளம்பிடுங்க, ரெண்டாவது ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருக்காதீங்க.