ஹாரி குறுக்கே பேசுகிறான்

வணக்கம் நேயர்களே. பள்ளிப் பிள்ளைகளோடு தத்துவம் பேசுவதைப் பற்றி இன்று சொல்கிறேன்.

மாத்யூ லிப்மன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். கல்லூரிக்கு வந்தபின் தர்க்கம் படித்து என்ன பயன், யோசிக்கிற பழக்கம் அதற்குள் ஊறிப்போய்விடுகிறதே என்று அவருக்குத் தோன்றியது. 1960களின் கடைசியில், பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதினார்.

கதையில் ஹாரி என்ற பையன் வகுப்பில் பராக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீண்ட வாலோடு சூரியனைச் சுற்றி வருவது எது என்று ஆசிரியர் கேட்கிறார். கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும் என்று சற்று முன் காதில் விழுந்தது. 'கோள்' என்று சொல்லிவிடுகிறான். வகுப்பே சிரிக்கிறது. விடை, வால்மீன். எங்கே பிசகியது என்று அப்புறம் யோசிக்கிறான். கோள் எல்லாம் சூரியனைச் சுற்றும். அதற்காகச் சூரியனைச் சுற்றுவதெல்லாம் கோளாகிவிடாது.

இதோடு நின்றிருந்தால் வெறும் பயிற்சிக் கணக்குதான். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்து வருவது. பக்கத்து வீட்டு அம்மாள் ஹாரியின் தாயிடம் வம்பு பேசுகிறார். குடியை விட முடியாதவர்கள் தினம் மதுக்கடைக்குப் போகிறார்கள், புதிதாக வந்திருக்கும் அந்தப் பெண்ணும் தினம் போகிறாள், அப்படியானால்... என்று இழுக்கிறார். ஹாரி விடவில்லை. குடிகாரர்கள் எல்லாம் கடைக்குப் போகலாம், கடைக்குப் போகிறவர்கள் எல்லாம் குடிகாரர்களா என்கிறான். குறுக்கே பேசாதே என்கிறாள் தாய். ஆனால் அவள் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது.

பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்று, பால் குடித்தவனுக்கே புத்தி சொல்லிப் பழகியவர்கள் நாம். இந்தப் பையன் பார்த்தவரிடம் போய், உங்களுக்கு எப்படித் தெரியும் என்கிறான்.

1974இல் லிப்மன் நியூஜெர்சியின் மான்ட்கிளேரில், பிள்ளைகளோடு இப்படித் தத்துவம் பேசுவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். வட்டமாக உட்கார்ந்து, கதையை ஆளுக்குக் கொஞ்சமாக வாசித்து, பிள்ளைகள் எழுப்பும் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, அவர்கள் தேர்ந்தெடுக்கும் கேள்வியை விவாதிப்பது அந்த நிறுவனத்தின் முறை.

மார்க் ஏறும் என்று சொல்லியும் இதைப் பரப்புகிறார்கள். இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் இந்த வகுப்பை வைத்து நடந்த சோதனையின் அறிக்கை 2015இல் வந்தது. வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றம் காட்டியது. பிறகு இன்னும் பெரிய அளவில் நடந்த சோதனையில் வாசிப்பில் அது தென்படவில்லை. எனவே மார்க்குக்காக இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. வாரம் ஒரு பீரியடு கிடைத்தால் தொடங்கலாம். ஒன்று மட்டும்: ஆசிரியர் விடையைக் கைவசம் வைத்துக்கொண்டு, சுற்றிவளைத்து அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினால் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் சாருக்கு எது வேண்டுமோ அதைத்தான் சொல்வார்கள்.