மணல் கீறும், கணவாய் ஓடு மெருகேற்றும்

வணக்கம் மக்களே. பாம்பன் கரையில் நிற்கிறேன். காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருப்பது கணவாய் ஓடு, கணவாய் மீனின் உடம்புக்குள் இருக்கும் வெள்ளை ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கொடுப்பார்கள், கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் கட்டித் தொங்கவிடுவார்கள். பல் டாக்டருக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இதை மாவாக அரைத்து, சின்னச் சின்ன வட்டத் தாள்களில் ஒட்டி, சொத்தைப் பல்லில் வைக்கும் அடைப்பின் ஓரத்தை மெருகேற்றப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எங்கள் பாடப்புத்தகத்திலேயே உண்டு.

இங்கே பாருங்கள், நகத்தால் கீறினாலே உள்பக்கம் பொடியாக உதிர்கிறது. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். 1812இல் மோஸ் என்ற கனிமவியலாளர் 1 முதல் 10 வரை வகுத்த கடினத்தன்மை வரிசையில் இது 4ஐத் தாண்டாது. பல்லின் மேல்பூச்சான எனாமல் சுமார் 5. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. எது கடினமோ அது மற்றதைக் கீறும், அவ்வளவுதான் கணக்கு.

மணலிலும் செங்கல் பொடியிலும் பல் தேய்த்த பெரியவர்களுக்கு ஈறோரத்தில் அரிவாளால் கொத்தியது போல் பள்ளம் விழுந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளுவார்கள். உமிக்கரியும் சாது இல்லை, உமியில் சிலிக்கா நிறைய. அதற்காகக் கணவாய் ஓட்டை அரைத்துத் தேய்க்கக் கிளம்பிவிடாதீர்கள்! ஈறு இறங்கியவர்களுக்கு வெளியே தெரிகிற வேர் எனாமலைவிட ரொம்ப மெத்து, இதற்கே தேயும்.

சரி, அடைப்புக்கு வருவோம். பல் நிறத்தில் வைத்து நீல வெளிச்சம் காட்டுகிறார்களே, அந்த ரெசின் அடைப்பில் காற்று படும் மேல்படலம் முழுதாக இறுகாது. ஆக்சிஜன் விடாது. பிசுபிசுப்பான அந்தப் படலத்தை அப்படியே விட்டால் டீயும் வெற்றிலையும் சீக்கிரம் கறையாக ஏறிவிடும். பாலிஷ் வெறும் அழகுக்கு என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் கலர் தாளைக் கடிக்கச் சொல்லி, மேடான இடத்தை நுண்ணிய வைரப் பர்ரால், அதாவது சுழலும் சின்ன வைர முனையால் சீவுவோம். பிறகு அலுமினியம் ஆக்சைடு பொடி ஒட்டிய வட்டத் தாள்கள், அதாவது டிஸ்க்குகள், பெரிய பரலிலிருந்து சின்னப் பரலுக்கு. பக்கத்து ஊரான மண்டபத்தில் ஃபைபர் படகுக்கு உப்புத்தாள் போடுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? நடு நம்பரைத் தாண்டி நேராக நைஸ் தாளுக்குப் போகமாட்டார். போனால் மேலே பளபளக்கும், பழைய கீறல் அடியில் அப்படியே கிடக்கும். பல்லிலும் அதே கதைதான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நடுவில் தண்ணீர் அடித்துக் கழுவுவோம், தங்கிய ஒரு பெரிய பரல் போதும், மறுபடி கீறிவிடும். அழுத்தக் கூடாது, சூடு உள்ளே நரம்பு வரை போகும். கடைசியில் ரப்பர் கப், வைரப் பேஸ்ட்.

எதுவரை மெருகேற்ற வேண்டும்? சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் கிருமிப் படலம் அதிகமாகச் சேரும். அதற்கும் கீழே எவ்வளவு இழைத்தாலும் பெரிதாகக் குறையாது.

வெள்ளி அடைப்பு மட்டும் தனி ரகம். இறுக 24 மணி நேரம் விட்டுத்தான் பாலிஷ். மறுநாள் வாங்க என்போம், மீன்துறை டோக்கன் போட்டுக் கடலுக்குப் போகிற மீனவ அண்ணன்மார் எங்கே வரப்போகிறார்கள்? ரெசின் என்றால் அன்றைக்கே முடிந்துவிடும். வாய் கொப்பளித்ததும் அடைப்பின் ஓரத்தை நாக்கால் ஒருமுறை தடவிப் பாருங்கள். தட்டுப்பட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.