கோடரியோடு ஒருவர் நின்றார்

வணக்கம். அணுகுண்டு என்றாலே எல்லோரும் அதை வடிவமைத்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் உங்களைச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே 1939-லேயே கால்பந்தை நிறுத்திவிட்டதால் மைதானம் சும்மா கிடந்தது, அதன் மேற்குக் கேலரிக்கு அடியில் ஸ்குவாஷ் மாதிரி ஒரு விளையாட்டுக்கான கூடம், அதற்குள்தான் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையைக் கட்டியது.

கட்டியது என்றால் கொத்து வேலை மாதிரியேதான். கிராஃபைட் கட்டிகளைச் செங்கல் போல 57 அடுக்கு, இடையிடையே யுரேனியம். கிராஃபைட் என்பது பென்சிலில் இருக்கிற அதே கரி, அறுக்க அறுக்க முகமெல்லாம் கறுப்பாகி, தரை வழுக்கும். டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் படிப்பை விட்ட பையன்களும் ஒன்றாக நின்று அடுக்கினார்கள்.

உண்மையில் இதை ஊருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டுவதாகத்தான் திட்டம். அங்கே கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தம். சரி, இங்கேயே கட்டிக்கொள்ளுங்கள் என்றார் பொறுப்பிலிருந்த ஆர்தர் காம்ப்டன். பல்கலைக்கழகத் தலைவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார், அது தவறான பதிலாக இருக்கும் என்று பின்னால் காம்ப்டனே எழுதினார். எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. சுற்றிலும் பெரிய நகரம், கணக்கு தப்பாது என்ற நம்பிக்கையில் ஓர் ஆள் எடுத்த முடிவு!

1942 டிசம்பர் 2, நல்ல குளிர். வினையை அடக்கி வைக்க உலைக்குள் செருகியிருந்த காட்மியம் கம்பியை ஜார்ஜ் வைல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்க, ஃபெர்மி ஸ்லைடு ரூலில் கணக்குப் போட்டபடி நின்றார். மேலே ஒரு கம்பியைக் கயிற்றில் கட்டியிருந்தார்கள், ஏதாவது விபரீதம் என்றால் கயிற்றை வெட்டி அதை உள்ளே விழவைக்க நார்மன் ஹில்பெர்ரி கோடரியோடு தயார். அதுவும் போதாவிட்டால் ஊற்றி அணைக்க, உலையின் உச்சியில் காட்மியம் கரைசலோடு மூன்று இளைஞர்கள். நண்பகல் நெருங்கும்போது ஒரு கம்பி தானாக விழுந்து எல்லோரையும் திடுக்கிட வைத்தது, ஃபெர்மியோ பசிக்கிறது, சாப்பிடப் போகலாம் என்றார்!

மாலை 3.25-க்கு, ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் தொடர்வினை தானாக ஓட ஆரம்பித்தது. வெறும் அரை வாட், சில நிமிடங்கள்தான். ஆனால் குண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தை உலையில் தயாரிக்கலாம் என்பது உறுதியாகிவிட்டது, அப்புறம் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் பெரிய உலைகள், அங்கிருந்து வந்த புளூட்டோனியம் நாகசாகியில் விழுந்த குண்டில்.

அங்கிருந்த இயற்பியலாளர் யூஜின் விக்னர் ஒரு கியாந்தி ஒயின் பாட்டில் கொண்டுவந்திருந்தார். காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்துவிட்டு, பாட்டிலைச் சுற்றியிருந்த வைக்கோல் உறையில் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டம் கலைந்தபின் இன்னொரு இயற்பியலாளர் லியோ சிலார்ட் ஃபெர்மியின் கையைக் குலுக்கி, மனிதகுல வரலாற்றில் இது ஒரு கறுப்பு நாள் என்றார்.